வீடு பார்க்கப் போன இஞ்சினியர்

பொத்தானை அழுத்தியது மக்கீன் மாமாதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து அசையாமல் நின்றதும், அறையில் இருந்த அத்தனை பேரும் றிஸ்கானைத்தான் பார்த்தார்கள்.

"என்ன மருமகன், என்னமோ எழுதிக் கிடக்கு?"

றிஸ்கான் குனிந்து வாசித்தான். ஏதோ ஒரு ஃபைல் காணாமல் போய்விட்டது, அல்லது கெட்டுவிட்டது. சிஸ்டம் சீடியைப் போட்டு ஆர் எழுத்தை அழுத்தித் திருத்திக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு தரம் வாசித்தான். மூன்றாம் தரம் வாசிப்பவன் போல அப்படியே நின்றான்.

"சின்னப் பிரச்சினதான்," என்றான்.

அன்றைக்கு அவன் விட்ட முதல் பிழை அது.

அவர்கள் மாவடிப்பள்ளியிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்திருந்தது வீடு பார்க்க. அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதும் வீடு பார்ப்பதும் ஒரே பயணம். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். ஆகவே மாப்பிள்ளையின் ஆட்கள் அறைகளை எண்ணுவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், அண்ணாந்து கூரை ஓட்டைப் பார்ப்பார்கள், பிறகு நேரம் இருந்தால் பெண்ணையும் பார்ப்பார்கள். முந்தியெல்லாம் இந்தப் பயணத்தில் மாப்பிள்ளைக்கு இடமில்லை. வெளிநாட்டில் உழைக்கிற மாப்பிள்ளைகள் வந்த பிறகு அவர்களும் வேனில் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

பெண்ணின் வாப்பா அச்சிமுகம்மதுவின் வீடு, சுனாமியில் கடல் வந்து போன பிறகு கட்டியது. ஐந்து வருடம்தான். சுவரில் ஈரம் ஏறவில்லை என்பதை றிஸ்கானின் உம்மா சுல்பிகா உள்ளங்கையால் தடவி உறுதிப்படுத்திவிட்டார். மக்கீன் மாமா முன்னறையைக் காலடியால் அளந்தார். அவர் அளந்துகொண்டு நடந்தபோதுதான் காற்றாடிக் காற்றில் உள்ளறையின் திரைச்சீலை விலகியது. அங்கே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை மறுபடி மூடிக்கொண்டது. அந்தச் சிரிப்பு இருக்கும் வீட்டில் இருக்கலாம் என்று றிஸ்கான் நினைத்தான். அதற்கு மேல் அவன் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த அறையில் ஒரு மேசை. மேசையில் பூவேலை செய்த துணி. துணிக்கு மேல் கொம்பியூட்டர்.

"இதுலதான் மகள் படிச்சுக் குடுக்கிற," என்றார் அச்சிமுகம்மது. பெண் கொம்பியூட்டர் டீச்சர் என்று தரகர் முதலே சொல்லியிருந்தார்.

மக்கீன் மாமாவுக்கு அது போதும். "நம்மட மருமகனும் கட்டார்ல கொம்பியூட்டர் இஞ்சினியர்தானே! எங்க, போட்டுப் பாப்பம்!"

"வேணாம், வேணாம்," அச்சிமுகம்மது மக்கீன் மாமாவை அண்ணன் முறை சொல்லிக் குறுக்கே வந்தார். "கரண்டு சரியில்ல காக்கா. கூடிக் குறையிற. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

"இஞ்சினியர் பக்கத்துல நிக்கக்குள்ள கரண்டுக்கு என்னத்துக்குப் பயம்?"

மாமா வயரைப் பிடித்துக்கொண்டு அதன் முனையைத் தேடிப் போனார். முனை மேசைக்குப் பின்னால் தரையில் கிடந்தது. அந்த அறையில் பிளக்கே இல்லை. குசினியில் பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து நீள வயர் ஒன்றை இழுத்து வந்தார். தினமும் பாடம் நடக்கிற அறையில் பிளக் இல்லாதது றிஸ்கானுக்கு விளங்கவில்லை. சிக்கனமான குடும்பமாக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

அதன் பிறகுதான் மாமா பொத்தானை அழுத்தினார்.

உண்மையில் றிஸ்கான் டோஹாவில் கொம்பியூட்டர் விற்கும் ஒரு கொம்பனியில்தான் வேலை செய்தான். அதன் களஞ்சியத்தில். பெட்டி ஏற்றுவான், பெட்டி இறக்குவான், பெட்டியில் லேபல் ஒட்டுவான். உம்மாவிடம் "கொம்பியூட்டர் கொம்பனி" என்று சொன்னான். அது உண்மை. உம்மா தரகரிடம் "கொம்பியூட்டர் வேல" என்றார். அதுவும் ஏறக்குறைய உண்மை. தரகர் மாவடிப்பள்ளிப் பாலத்தைத் தாண்டி சாய்ந்தமருதுக்கு வந்து சேர்வதற்குள் அது இஞ்சினியர் ஆகிவிட்டது. றிஸ்கான் பொய் சொல்லவே இல்லை. பேசாமல் இருந்தான். வாழ்க்கையில் அவன் செய்த பெரிய பிழைகள் எல்லாமே பேசாமல் இருந்து செய்தவைதான்.

பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. வாப்பா கட்டிய வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. அது ஊர் வழக்கம், அதில் அவனுக்குக் குறை இல்லை. லீவில் வந்தால் தங்கச்சியின் முன்னறையில் ஒரு பாய். மச்சான் டீவி பார்த்து முடிந்தால்தான் அந்தப் பாயை விரிக்கலாம். அந்த ஊர்களில் ஆண்பிள்ளைக்கு வீடு என்று ஒன்று கலியாணத்தோடுதான் வரும். அவனுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு சம்மந்தம் பேசிக் குழம்பிவிட்டது. லீவில் இன்னும் பன்னிரண்டு நாள்தான் மிச்சம்.

"சின்னப் பிரச்சின எண்டா இப்பவே முடிச்சிட்டு எழும்புவம்," என்றார் மக்கீன் மாமா. "நம்மட ஆள் கை வெச்சா அஞ்சு நிமிசம்."

அச்சிமுகம்மதுவின் முகம் வெளுத்திருந்தது. அவருடைய மனைவி கைருன்னிஸா முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு கதவு நிலையில் நின்றார். ஒரு கொம்பியூட்டர் கெட்டுப்போனதற்கு இவ்வளவு துக்கமா என்று றிஸ்கானுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சிஸ்டம் சீடி ஒண்டு வேணும்," என்றான். "டீச்சர்ட்ட இரிக்குமே."

கைருன்னிஸாவின் தங்கச்சி கமீலா திரைச்சீலைக்குள் போனார். உள்ளே காற்றும் சத்தமும் கலந்த ஒரு குசுகுசுப்பு. வெளியே வந்தார்.

"அது புள்ளைகள் ஆரோ கொண்டு போயிட்டாங்களாம்."

றிஸ்கானின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. சீடி இல்லை என்றால் வேலையும் இல்லை. "அப்ப என்ன செய்யிற, பாவம். சீடி இல்லாம ஒண்டும் செய்ய ஏலா," என்று கைகளைத் தட்டி உதறினான்.

மக்கீன் மாமா ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தார். "கல்முனையில கடையா இல்ல? நான் வேன்ல ஒரு பாய்ச்சல் போயிட்டு வாறன்."

போனார். இருபது நிமிடத்தில் சீடியோடு திரும்பியும் வந்தார். "முந்தி எண்டா செக்பொயிண்டுல இறக்கி ஏத்தி ரெண்டு மணித்தியாலம் போயிரிக்கும். இப்ப பாத்தீங்களா? யுத்தம் முடிஞ்சதுல இதுதான் பெரிய நிம்மதி."

வாழ்நாளில் முதல் தடவையாக றிஸ்கான் ஒரு சோதனைச் சாவடியை நினைத்து ஏங்கினான்.

சீடியைப் போட்டான். ஆர் எழுத்தை அழுத்தினான். திரை மாறியது. நீல நிறம் வந்தது, போனது. பிறகு ஒரு வரி வந்து பாஸ்வேட் கேட்டது.

"பாஸ்வேட் என்னெண்டு கேளுங்க," என்றான் கமீலாவிடம்.

கமீலா திரைச்சீலைக்குள் போய், நெடுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"றஸ்னா எண்டு அவட பேர அடிச்சுப் பாக்கட்டாம்."

"அடிச்சுப் பாக்கிறதா?"

"ஓம். அடிச்சுப் பாக்கட்டாம்."

அடித்தான். பிழை என்றது. பிறந்த திகதியை அடிக்கச் சொன்னார்கள். பிழை. வாப்பாவின் பெயரை அடிக்கச் சொன்னார்கள். அச்சிமுகம்மது என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அச்சிமுகம்மதுவுக்கும் மக்கீன் மாமாவுக்கும் இடையில் ஒரு விவாதம் நடந்தது. அடையாள அட்டையை எடுத்து வந்து, அதில் இருந்தபடி அடித்தார்கள். மூன்றாவது பிழையோடு கொம்பியூட்டர் தானாக அணைந்து, தானாக எழும்பி, முதலில் இருந்த கறுத்த திரைக்கே போய் நின்றது.

"சொந்தக் கொம்பியூட்டர்ட பாஸ்வேட் தெரியாதா?" என்று சுல்பிகா மகனின் காதருகே கேட்டார். மெதுவாகக் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"மறந்திட்டாவாம்," என்றார் கமீலா அவசரமாக. "மாப்பிள்ளயக் கண்ட பதட்டத்துல."

றிஸ்கானின் காது மடல் சூடானது. தன்னைக் கண்டு ஒருத்தி பாஸ்வேட்டை மறந்தாள் என்பது அவனுக்குப் பெரிய காரியமாகப் பட்டது. ஆனாலும் தப்புவதற்கு ஒரு வழி அதிலே தெரிந்தது.

"டீச்சரே ஒருக்கா வந்து பாத்தா நல்லம். அவங்கட கை பழகின கொம்பியூட்டர்தானே."

கமீலா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். "மாப்பிள்ள இரிக்கக்குள்ள அவ கை வெச்சா மரியாத இல்லையாம்."

"மாஷா அல்லாஹ்!" என்றார் மக்கீன் மாமா. "புள்ளயெண்டா இதுவெல்லோ புள்ள!"

அந்தக் கதவும் மூடியது.

பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்னது. அல்லாஹ் தன்னைக் கைவிடவில்லை என்று றிஸ்கான் எழும்பினான். பள்ளிக்குப் போகும் வழியில், மதில் ஓரமாக நின்று, டோஹாவில் தன்னோடு ஒரே அறையில் இருக்கும் சுஜிந்தனுக்கு அழைத்தான். சுஜிந்தன் ஆலையடிவேம்பு ஊரான், அதே கொம்பனியில் உண்மையாகவே கொம்பியூட்டர் திருத்துகிறவன்.

"டேய் மச்சான், நீ பொண்ணு பாக்கப் போனியா, கொம்பியூட்டர் பாக்கப் போனியா?"

"பகிடி விடாத. சுருக்காச் சொல்லு. திருத்த விடுகுதில்ல, பாஸ்வேட் கேக்குது."

"அப்ப திருத்தாத. பழச முழுக்க அழிச்சுப்போட்டுப் புதிசாப் போடு. டி அமத்து, மறுகா எல் அமத்து. எஃப் எட்டு கேட்டா அதையும் அமத்து."

"அழிச்சா உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம்?"

"போகும். ஆக்கள்ட்ட கேட்டுட்டு அழி. ஆனா ஒண்டு மச்சான், டிஸ்க் பழுதெண்டா என்ன அமத்தியும் சரிவராது. அத முதல் பாத்துக்கொள்."

"அத எப்பிடிப் பாக்கிற?"

காசு முடிந்து அழைப்பு அறுந்துவிட்டது. றிஸ்கான் உள்ளே போய்த் தொழுதான். நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதில் வழக்கத்தைவிட நெடுநேரம் கிடந்தான். பக்கத்தில் நின்றவர் ஒருதரம் குனிந்து பார்த்தார்.

திரும்பி வந்தபோது அறையில் ஆட்கள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. அவன் கதிரையில் அமர்ந்து, முடிந்தவரை இஞ்சினியரின் குரலில் சொன்னான்:

"பழச அழிச்சுட்டுப் புதிசாப் போடணும். ஆனா இதுல இரிக்கிறதெல்லாம் போயிடும். டீச்சர்ட பாடமெல்லாம். அவங்க ஓம் எண்டாத்தான் நான் அமத்துவன்."

குசுகுசுப்பு இம்முறை நீண்டது. இரண்டு தரம் "யா அல்லாஹ்" கேட்டது. "என்ன கிடக்கெண்டு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்று யாரோ சொன்னதும், "ஷ்ஷ்" என்று யாரோ அடக்கியதும் கேட்டது. கமீலா வந்தார்.

"அழிக்கட்டாம். பாடமெல்லாம் அவக்கு மனப்பாடமாம்."

இப்படி ஒரு பெருந்தன்மையை றிஸ்கான் கண்டதில்லை. வருடக்கணக்கான உழைப்பை ஒருத்தி ஒரு சொல்லில் அவன் கையில் ஒப்படைக்கிறாள். டி அழுத்தினான். எல் அழுத்தினான். எஃப் எட்டும் அழுத்தினான். மஞ்சள் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊரத் தொடங்கியது. எல்லோரும் நெருங்கி வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். பதினெட்டு வீதத்தில் கோடு நின்றது. பத்து நிமிடம் நின்றது. பிறகு, இந்த டிஸ்க்கை ஒழுங்குபடுத்த முடியவில்லை, அது பழுதாக இருக்கலாம் என்று எழுதிக் காட்டியது.

மறுபடி தொடங்கினான். பன்னிரண்டு வீதத்தில் நின்றது. மறுபடி. ஒன்பது.

"குறைஞ்சு வருது," என்றார் அச்சிமுகம்மது, வட்டிக்கடையில் அடகு நகை முழுகிப்போனவர் போல.

அணைத்துவிட்டுப் போட்டான். இப்போது முதலில் இருந்த செய்திகூட இல்லை. சிஸ்டம் எதுவும் காணவில்லை என்று ஒற்றை வரி. அவன் வந்தபோது இந்தக் கொம்பியூட்டரில் ஒரே ஒரு ஃபைல்தான் காணாமல் போயிருந்தது. இப்போது எல்லாமே காணாமல் போயிருந்தன.

"பரவாயில்ல," என்று றிஸ்கான் மெல்ல எழும்பினான். "நான் கட்டாருக்குப் போய் நல்ல சீடி ஒண்டு அனுப்பி வைக்கிறன். அவசரமில்லத்தானே."

கைருன்னிஸா அழுதுவிட்டார். "அப்பிடிச் சொல்லாதீங்க மகன்! எப்பிடியும் இண்டைக்கே சரியாக்கித் தந்திருங்க. பொழுதுபட, மஃரிபுக்கு முதல் சரியாக்கித் தந்திருங்க."

"மஃரிபுக்கு என்ன மாமி?"

கைருன்னிஸா கணவரைப் பார்த்தார். கணவர் கமீலாவைப் பார்த்தார். கமீலா மேலே காற்றாடியைப் பார்த்தார்.

"புள்ளைகள் படிக்க வருவாங்க," என்றார் கடைசியில்.

தொடக்கத்தில் தொடவே வேண்டாம் என்றவர்கள் இப்போது விடவே வேண்டாம் என்கிறார்கள். றிஸ்கானுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன்னுடைய ஆட்கள் இப்படி இருந்திருந்தால் அவனுக்குக் காரணம் தெரிந்திருக்கும். இவர்கள் புதிய மனிதர்கள். பழக வேண்டும் என்று நினைத்தான்.

"மூடியக் கழட்டிப் பாருங்களன்," என்றார் மக்கீன் மாமா. "மோட்டச்சைக்கிளும் அப்பிடித்தான். கழட்டிப் பூட்டினா ஸ்டார்ட் எடுக்கும்."

கழற்றுவதற்கு ஆயுதம் இல்லை. பட்டர் பூசும் கத்தி ஒன்றைக் கமீலா கொண்டுவந்தார். ஐந்தாவது திருகாணி கைநழுவி ஓடி அலமாரிக்குக் கீழே போனது. மக்கீன் மாமா தரையில் படுத்து, கையை விட்டுத் தேடி, ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டையும் ஒரு காது தோட்டையும் எடுத்தார். தோட்டைக் கண்டு கைருன்னிஸா அழுகையை நிறுத்தி, "இதத்தானே நோன்புல இருந்து தேடுறன்!" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

மூடி திறந்தது. உள்ளே விரல் மொத்தத்துக்குத் தூசி. தூசிக்கு நடுவில், பெட்டியின் சின்னக் காற்றாடியைத் தழுவிக்கொண்டு, உள்ளங்கை அளவில் ஒரு குளவிக்கூடு. களிமண்ணால் கட்டி, காய்ந்து, அறை அறையாக இருந்தது.

தினமும் பாடம் நடக்கும் பெட்டிக்குள் குளவி எப்போது கட்டியது? பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையிலா? சாய்ந்தமருதுக் குளவிகள் இவ்வளவு வேகமாக வேலை செய்யுமா? றிஸ்கான் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குளவிக்குக்கூட ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பு, சம்மந்தமே இல்லாமல், வந்து போனது.

"குளவி வீடு கட்டினா வரக்கத்து, வீடு செழிக்கும் எண்டு செல்லுவாங்க," என்றார் சுல்பிகா, பேச்சு எப்படியாவது தொடரட்டும் என்று.

கூட்டைப் பெயர்த்தான். தூசியை ஊதினான். அது முழுவதும் அச்சிமுகம்மதுவின் வெள்ளைச் சட்டையில் போய்ப் படிந்தது. மூடியைப் பூட்டாமலே பொத்தானை அழுத்தினான்.

டப் என்று ஒரு சத்தம். ஒரு நூலளவு புகை. மேலே காற்றாடி சுற்றுவதைக் குறைத்து, குறைத்து, நின்றது. வீடு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் மீன் வண்டி ஹோன் அடித்துக்கொண்டு போவது துல்லியமாகக் கேட்டது.

கமீலா அதற்குள் தட்டோடு வந்தார். விருந்துக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்து வைத்த வட்டிலப்பம். பிரிட்ஜைக் கழற்றி மூன்று மணித்தியாலம் ஆனதால் அது நிற்கும் பலத்தை இழந்து தட்டில் சரிந்து கிடந்தது. றிஸ்கான் கரண்டியை எடுத்தான். நெற்றி வேர்வை சொட்டாக விழுந்து வட்டிலப்பத்தில் கலந்தது.

அப்போதுதான் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து, யாருடைய வாய்வழியும் வராமல், நேராக ஒரு குரல் வந்தது.

"ஏலாட்டி விடச் செல்லுங்க வாப்பா. பாவம், அவங்களுக்கு வேர்த்துக் கொட்டுது."

கரண்டி தட்டில் இறங்கியது. அந்தப் பிற்பகல் முழுவதும் வெட்கத்தாலும் பயத்தாலும் திறக்காத வாய், ஒரு "பாவ"த்துக்குத் திறந்துகொண்டது.

"நான் இஞ்சினியர் இல்ல," என்றான்.

"ஆ?" என்றார் அச்சிமுகம்மது.

"நான் கொம்பனிட ஸ்டோர்ல வேல செய்யிறன். பெட்டி ஏத்துற, இறக்கிற, லேபல் ஒட்டுற. பெட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு இண்டைக்குத்தான் முதல்முதல் பாத்தன். உங்கட கொம்பியூட்டர நான்தான் பாழாக்கிப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க. லீவு முடியக்குள்ள வேற ஒண்டு வாங்கித் தாறன்."

"அவன் அப்பிடித்தான்," என்றார் மக்கீன் மாமா விழுந்தடித்துக்கொண்டு. "தன்னத் தாழ்த்தித்தான் கதைப்பான். பெரிய படிப்பெல்லாம் படிச்ச ஆக்கள் அப்பிடித்தானே!"

"மாமா, விடுங்க."

மாமா விட்டார். சுல்பிகா தலையைக் குனிந்துகொண்டு, "கொம்பியூட்டர் கொம்பனி எண்டுதானே நான் செல்லிவிட்ட," என்று தன் முக்காட்டிடம் முறையிட்டார்.

அச்சிமுகம்மது எழும்பினார். சட்டையில் தூசி, கண்ணில் சிவப்பு. பிற்பகல் முழுவதும் கூனிக் குறுகி இருந்த மனிதர் இப்போது திடீரென்று ஓர் அடி உயர்ந்துவிட்டார். அவருடைய குரலில் கோபத்தோடு ஏதோ ஒரு விடுதலையும் இருந்ததை றிஸ்கான் கவனித்தான். அதுவும் அவனுக்கு விளங்கவில்லை.

"இந்த வீட்டு வாசல்ல பொய் ஏறினது இதுதான் முதல் தரம்," என்றார். "மனிசர் ஒருத்தர ஒருத்தர் நம்பித்தானே சம்மந்தம் கதைக்கிற? இல்லாதத இரிக்கெண்டு காட்டுறது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா காக்கா? நாங்க பாத்துப் பாத்துக் கட்டின வீடு. ஒரு கல்லுலகூடப் பொய் இல்ல."

அவர் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். மேசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"எங்கட புள்ளைக்கு மாப்பிள்ள இல்லாமலா போகப் போகுது? நீங்க எழும்பலாம்."

எழும்பினார்கள். மக்கீன் மாமா முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் எழும்பினார். உள்ளே ஒருத்தி விம்முவது கேட்டது. றிஸ்கான் செருப்பைத் தேடினான். தன்னுடையது எது, மாமாவுடையது எது என்று பார்வைக்குப் பிடிபடவில்லை. எல்லாச் செருப்பும் ஒன்றுபோல மங்கித் தெரிந்தன. தங்கச்சி வீட்டு முன்னறை, அந்தப் பாய், மச்சானின் டீவி, பன்னிரண்டு நாள். ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்படியே நின்றான்.

குசினிப் பக்கக் கதவு கிறீச்சிட்டது. காலையில் கல்முனைக்குக் கலியாண வீட்டுக்குப் போய், இப்போதுதான் திரும்பியிருந்த பக்கத்து வளவு ஹவ்வா உம்மா, நல்ல முக்காட்டோடும் வெற்றிலை வாயோடும், யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார். எழும்பி நிற்கிறவர்களைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மூடி இல்லாமல், வயிறு திறந்து கிடக்கும் கொம்பியூட்டரைப் பார்த்தார். அச்சிமுகம்மது கண்ணாலும் கையாலும் என்னவோ சாடை காட்டினார். ஹவ்வா உம்மா அதைக் கவனிக்கவில்லை.

"இதென்ன காக்கா அநியாயம், ரெண்டு வரிசமாச் செத்துக் கிடக்கிற பெட்டிக்கு ஏன் கரண்டு குடுத்தீங்க? மாப்பிள்ள வீட்டாக்கள் பாக்கிறதுக்கு மேசையில வெக்க எண்டுதானே என்னட்ட இரவலுக்குக் கேட்டீங்க!"